கட்டிலுக்கு அடியில் ஒரு மெடிக்கல் சீட்

“நேத்து மத்தியானம் ஒரு வெளிநாட்டு மெடிக்கல் காலேஜே எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு என்னைப் பாத்துட்டுப் போச்சு, தெரியுமா?”

கருணாகரன் இதைச் சொன்னது மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில், காலை ஆறே முக்காலுக்கு. சொன்ன மாத்திரத்தில் அங்கே நடந்துகொண்டிருந்த ஐந்நூறு பேரும் அப்படியே நின்றுவிட்டதாகப் பிற்பாடு மனைவியிடம் விவரித்தார். நின்றது நெடுஞ்செழியன் ஒருவர்தான். அவரும் ஷூ நாடா அவிழ்ந்ததால் நின்றார்.

நெடுஞ்செழியன் ஓய்வுபெற்ற கணக்குப் பேராசிரியர். கடவுள், கைரேகை, மெடிக்கல் காலேஜ் இன்டர்வியூ, கருணாகரன் ஆகிய நான்கையும் அவர் நம்புவதில்லை. முதல் இரண்டுக்குக் கொள்கை காரணம். மூன்றாவதற்கு அவருடைய அண்ணன் காரணம். மார்க்கோடு நேர்முகத் தேர்வும் இருந்த அந்தக் காலத்தில், மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த அண்ணனை ஐந்தே நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். நான்காவதற்குக் கருணாகரனே போதும்.

“கட்டிலுக்கு அடியில உமக்கு என்னய்யா வேலை?” என்றார், நாடாவைக் கட்டியபடி.

“வைஃபை ஒயர் லூசா இருந்துது.”

“வைஃபைக்கு ஏதுய்யா ஒயரு?”

கருணாகரன் நடையை எட்டிப் போட்டார். ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் இழப்பீட்டுப் பிரிவில் முப்பத்துநான்கு வருஷம் உட்கார்ந்து, அடுத்தவர் அளந்த கதைகளையெல்லாம் கத்தரித்துத் தள்ளியவர் அவர். ஓய்வுபெற்ற மறுநாள் காலையிலிருந்து, கத்தரித்துப் போட்டதையெல்லாம் பொறுக்கி ஒட்டித் தாமே அளக்க ஆரம்பித்தார். அதிலும் உள்ளுக்குள் உதறல் எடுத்தால் வாய் இன்னும் நீளும். அன்றைக்கு அவருக்கு உதறல், சாதாரண உதறல் இல்லை.

விஷயம் இதுதான். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் எஸ்தருக்கு இரண்டு பெண்கள். சின்னவள் ஜான்சி நீட் தேர்வில் தேறிவிட்டாள். ஆனால் அரசுக் கல்லூரி இடத்துக்கு ரேங்க் எட்டவில்லை. தனியார் கல்லூரிக் கட்டணத்தைக் கேட்டு எஸ்தர், “அந்தக் காசுக்குக் கடலையே வாங்கிரலாமே சார்!” என்றார். அப்போதுதான் அந்த வெளிநாட்டுக் கல்லூரி வந்து சேர்ந்தது. இந்தியாவிலிருந்து ஒரே ஒரு மாணவருக்கு முழுக் கட்டணமும் இலவசம். மார்க் பார்த்துப் பொறுக்கிய பன்னிரண்டு பேரில் ஜான்சியும் இருந்தாள். அந்தப் பன்னிரண்டில் ஒன்று யார் என்பதைத் தீர்மானிக்கப்போவது கம்ப்யூட்டர் வழியாக நடக்கும் நாற்பது நிமிஷ நேர்காணல் மட்டுமே.

“இதுவும் இல்லன்னா அவ அக்கா மாதிரி ரங்கநாதன் தெருவுல துணிக்கடைல காலைலேர்ந்து நைட்டு வரிக்கும் நின்னுக்கினே கெடக்கணும் சார். பெரியவளுக்கு இப்பவே கால் நரம்பு சுருட்டிக்கினு கீது” என்றார் எஸ்தர், வஞ்சிரத்தைத் துண்டு போட்டபடி. “எங்க வூட்டாண்ட நெட்டு நல்லாத்தான் வருது. கூடவே பக்கத்து வூட்டு ஸ்பீக்கரும் வருதே, அதான் ரோதன.”

“என் வீட்டுல வந்து பண்ணட்டும்” என்றார் கருணாகரன். இந்தக் கதையில் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா?

‘நான் ஏன் டாக்டராக விரும்புகிறேன்’ என்று பதினாறு பக்கம் எழுதி ஜான்சியிடம் நீட்டினார். ‘மூன்று வயதில் சிறகொடிந்த ஒரு காக்கையைக் கண்டு’ என்று அது ஆரம்பித்தது. ஜான்சி முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

“மூணு வயசுல எனக்குக் காக்கான்னாலே பயம் அங்கிள்.”

“அது அவங்களுக்குத் தெரியாதும்மா!”

“எனக்குத் தெரியுமே.”

அவர் மனைவி ஸ்ரீலக்ஷ்மி பள்ளிக்கூட லேப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். “இன்டர்வியூவப் பத்தி நீங்க சொல்லிக் குடுக்கறீங்களா? நீங்க குடுத்த இன்டர்வியூ மறந்துபோச்சா?” என்றார்.

மறக்குமா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநான்கில் பதினேழு வயதுக் கருணாகரனும் மெடிக்கல் காலேஜ் நேர்முகத் தேர்வுக்குப் போனார். சமூக சேவை ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். மெரினாவில் மூழ்கிக்கொண்டிருந்த நான்கு பேரைக் காப்பாற்றியதாகச் சொன்னார். “நீச்சல் எங்கே கற்றுக்கொண்டாய்?” என்று கேட்டார்கள். “நீச்சல் தெரியாது சார்” என்றார். அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், ஃபைல் கொண்டுவந்த ப்யூன் உட்பட. ஊருக்கெல்லாம் அவர் மூன்று மார்க்கில் சீட் போனதாகச் சொல்லிக்கொண்டு திரிவது இதைத்தான்.

நேர்காணல் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு. அவர்களுக்குக் காலை. நமக்கோ பச்சை ராகுகாலம். கருணாகரனுக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே சொல்லவும் வழியில்லை. போன பொங்கலுக்குத்தான் பூங்கா பெஞ்சில் நெடுஞ்செழியனோடு சேர்ந்துகொண்டு, ராகுகாலம் பார்க்கிறவர்களை ஒரு மணி நேரம் கிழி கிழியென்று கிழித்திருந்தார். எஸ்தரிடம் மட்டும் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார்.

“எங்களுக்கு ராகும் இல்ல கேதும் இல்ல சார். வேளாங்கண்ணி மாதா கீறாங்க, பாத்துக்குவாங்க. நீ கம்முனு இரு.”

ஸ்ரீலக்ஷ்மி அதற்கும் ஒரு படி மேலே போனார். மூன்றேகால் மணிக்கே ஒரு பையைக் கையில் கொடுத்து, பாண்டி பஜாரில் போய் ஜாக்கெட் துணியை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். ஐந்து மணிக்கு முன்னால் திரும்பக் கூடாது என்று உத்தரவு. கருணாகரன் வாசல் கதவைத் திறந்தார். தெரு முழுக்கக் கேட்கும்படி சாத்தினார். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, சமையலறையைத் தாண்டி, படுக்கையறைக்குள் நழுவினார். இடுப்பில் இரண்டு எலுமிச்சம்பழம். ராகுவுக்கு லஞ்சம்.

ஜான்சி உட்காரப்போகும் நாற்காலிக்கு நேர் பின்னால் கட்டில். அதன் அடியில் பழத்தை வைத்துவிட்டு ஓடிவிடுவதுதான் திட்டம். வைத்தார். ஒன்று உருண்டு சுவரோரம் போயிற்று. அதைப் பிடிக்கத் தலையை நுழைத்தார், பின்னாலேயே தோளும் போயிற்று, அப்புறம் மனிதர் முழுசாகவே உள்ளே போய்விட்டார். அங்கே ஏற்கெனவே இரண்டு கொலுப் பெட்டிகளும், கல்யாணத்தில் வந்து நாற்பத்திரண்டு வருஷமாகக் காகிதம் பிரிக்காத மூன்று எவர்சில்வர் குடங்களும் குடியிருந்தன. பழம் கைக்குச் சிக்கிய அதே நொடியில் கதவு திறந்தது. ஜான்சி வந்தாள். தாழ்ப்பாள் போட்டாள். லேப்டாப்பைத் திறந்தாள்.

அப்போதே வெளியே வந்திருக்கலாம். கையில் எலுமிச்சம்பழத்தோடு ஒரு பகுத்தறிவாளர் கட்டிலுக்கு அடியிலிருந்து எப்படி வெளியே வருவது? சரியான முகபாவம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோதே லேப்டாப்பிலிருந்து கரகரப்பான ஒரு பெண் குரல் வணக்கம் சொல்லிவிட்டது. அவர்தான் தலைமைப் பேராசிரியர். கூடவே இரண்டு ஆண் குரல்கள். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது விதி, கேமராவைச் சுற்றிக் காட்டு என்றார்கள். ஜான்சி நான்கு சுவரையும் காட்டினாள். போர்வை தரைவரை தொங்கியதால் கட்டில் யோக்கியமாகத் தெரிந்தது.

“என்னைத் தவிர இங்கே யாரும் இல்லை” என்றாள் ஜான்சி ஆங்கிலத்தில்.

கருணாகரன் மூச்சை நிறுத்தினார். மூன்று மணி நேரம் நிறுத்தியதாகச் சொல்வார். ஒரு நிமிஷம் இருக்கலாம்.

ஏன் டாக்டராக வேண்டும் என்று கேட்டார்கள். “அம்மாவின் கடையில் நிற்கும்போது, மீன் வாங்க நீட்டுகிற கைகளைத்தான் முதலில் பார்ப்பேன்” என்றாள் ஜான்சி. “சில கைகள் வீங்கியிருக்கும். சிலது நடுங்கும். ஏன் என்று தெரிந்துகொள்ள ஆசை. இப்போது எனக்குத் தெரியாது.”

தெரியாதா! இன்டர்வியூவில் போய்த் தெரியாது என்பதா! காக்கை எங்கே, சிறகு எங்கே? கருணாகரன் கொலுப் பெட்டியைக் கடித்துக்கொண்டார்.

அடுத்து ஓர் ஆண் குரல் கேட்டது. ஒரு நோயாளிக்குத் தவறான மாத்திரையைக் கொடுத்துவிட்டாய், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. என்ன செய்வாய்?

“சொல்லிவிடுவேன். முதலில் அந்த நோயாளியிடம்.”

“அதனால் உன் இடமே பறிபோகும் என்றால்?”

ஜான்சி கொஞ்சம் யோசித்தாள். “பயமாக இருக்கும். ஆனாலும் சொல்லிவிடுவேன்.”

சரியாக அந்த இடத்தில்தான் கருணாகரனின் இடது கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டது. உலகத்தில் எந்தக் காலும் அப்படிச் சுருட்டிக்கொண்டதில்லை. கால் தானாக ஓர் உதை விட்டது. மூன்று எவர்சில்வர் குடங்களும் ஒன்றன்மேல் ஒன்று மோதி, தேரடியில் தவில் கச்சேரி வைத்தது போல் முழங்கின.

“அது என்ன சத்தம்?” என்றது கரகரப்புக் குரல்.

தாம் பிறந்ததே இந்த ஒரு நொடியில் இந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் என்று கருணாகரனுக்குப் பட்டது. தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“மியாவ்.”

அறையில் பேச்சில்லை. வெளிநாட்டிலும் பேச்சில்லை.

“ஓ! பூனை வளர்க்கிறாயா?” என்றது அந்தக் குரல், பிரியமாக.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிடும்மா, சொல்லிடு என்று கருணாகரன் மனசுக்குள் மாதாவையும் முருகனையும் ஒன்றாகக் கூப்பிட்டார். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. போர்வை விலகியது. ஜான்சியின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. அந்த முகம் சிவந்து, வெளுத்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது.

“பூனை இல்லை மேடம். இந்த வீட்டுக்காரர். கட்டிலுக்கு அடியில் இருக்கிறார். எனக்கு இப்போதுதான் தெரியும். யாரும் இல்லை என்று நான் சொன்னது தவறு.”

அவள் வேறு எதையும் ஒளிக்கவில்லை என்று பார்ப்பதற்காக லேப்டாப்பைத் தரையில் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். மூன்று பேராசிரியர்களும் கழுத்தைச் சாய்த்து, கொலுப் பெட்டிகளுக்கு நடுவே கிடந்த கருணாகரனைக் குனிந்து பார்த்தார்கள். மரியாதைக்கு அவர் கும்பிட்டார். கும்பிட்ட கையில் எலுமிச்சம்பழம்.

“அவர் வலியில் இருக்கிறாரா?”

“நான் பார்க்கலாமா மேடம்?” என்று கேட்டுவிட்டு ஜான்சி தரையில் உட்கார்ந்தாள். “அங்கிள், இன்னா ஆச்சு?”

“உயிரே போகுதும்மா! ரெண்டு காலும் போச்சு! இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல!”

“உணர்ச்சி இல்லன்னா எப்புடி வலிக்கும்? நெஜத்தச் சொல்லுங்க. எந்தக் காலு?”

அவரிடம் யாரும் அந்தக் குரலில் கேட்டதில்லை. அதட்டலும் இல்லை, கிண்டலும் இல்லை. பதில் தெரிந்தாக வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்ட கேள்வி. “இடது கால். கெண்டைக்கால் மட்டும்தான்” என்றார் கருணாகரன். ஓய்வுபெற்ற பத்து வருஷத்தில் கூட்டிக் குறைக்காமல் அவர் சொன்ன முதல் வாக்கியம் அது.

ஜான்சி காலை நீட்டச் சொல்லி, பாதத்தை மெல்ல மேல்நோக்கி வளைத்துப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து தண்ணீர் குடித்தீர்களா, மாத்திரை என்னென்ன, வீக்கம் உண்டா, மூச்சு வாங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் நிஜமே வந்தது. வலி விட்டது.

“அவர் ஏன் அங்கே போனார்?” என்றது கரகரப்புக் குரல்.

கருணாகரன் எலுமிச்சம்பழத்தைக் கேமராவுக்கு உயர்த்திக் காட்டினார். “லெமன், மேடம்.”

“காலுக்கா?”

“இல்லை மேடம். ராகுவுக்கு.”

விதி மீறப்பட்டிருக்கிறது, கலந்து பேசித்தான் சொல்ல முடியும் என்றார்கள். திரை இருண்டது.

ஜான்சி “பரவால்ல அங்கிள்” என்றாள். இரண்டாவது தடவையும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. ஹாலில் காத்திருந்த எஸ்தர் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஸ்ரீலக்ஷ்மி, ஜாக்கெட் துணிப் பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் காலை பூங்காவில் ஒரு காலேஜே குனிந்து பார்த்ததாக அவர் அளந்தது இந்த லட்சணத்தில்தான்.

இரண்டு வாரம் பதில் இல்லை. பூங்காவில் மட்டும் கதை வளர்ந்தது. முதல் வாரம் மூன்றாக இருந்த பேராசிரியர்கள் இரண்டாம் வாரம் ஏழானார்கள். “போற போக்குல அந்த நாட்டு ராஜாவும் எட்டிப் பாப்பாரு போலிருக்கே” என்றார் நெடுஞ்செழியன். “யோவ், பதினெட்டு வயசுப் பொண்ண நாப்பது நிமிஷத்துல எடை போட முடியும்னு சொல்றதே மோசடி. அதுல நீரு வேற பூனையா? கட்டிலுக்கு அடியில ஏன் போனீர்னு மட்டும் சொல்லும், நம்பறேன்.” அதை மட்டும் கருணாகரன் சொல்லவில்லை.

பட்டினப்பாக்கத்தில் எஸ்தரிடம் மீன் வாங்கப் போனார். வழக்கமாக இருபது நிமிஷம் சண்டை நடக்கும். அன்றைக்கு அவர் கேட்ட விலைக்கே எஸ்தர் தட்டில் அள்ளிப் போட்டார். முகத்தைப் பார்க்கவில்லை. கருணாகரன் மீன் பையோடு விறுவிறுவென்று திரும்பினார். வீட்டுக்கு வந்து கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தார். முதல் நகலில் அவருக்குப் பிறவியிலேயே தூக்கத்தில் நடக்கும் வியாதி இருந்தது. இரண்டாவதில் நிலநடுக்கம். எட்டாவது நகல் ஐந்தே வரி. தவறு முழுக்கத் தம்முடையது, மூடநம்பிக்கையால் போனேன், பெண்ணுக்குத் தெரியாது, அவள் பொய் சொல்லட்டும் என்று பூனையாகக் கத்தினேன், அவள் சொல்லவில்லை.

ஸ்ரீலக்ஷ்மி படித்துப் பார்த்தார். “‘ஒரு எலுமிச்சம்பழம்’னு போட்டிருக்கீங்க. நெஜமா ஒண்ணுதானா?”

“ரெண்டு.”

“அப்ப ரெண்டுன்னு போடுங்க.”

மின்னஞ்சல் போய் எட்டாம் நாள் காலை. பூங்கா பெஞ்சில் கருணாகரனும் நெடுஞ்செழியனும் உட்கார்ந்திருந்தபோது எஸ்தரும் ஜான்சியும் வாசல்பக்கமிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். ஜான்சி கையில் செல்போன். நீட்டினாள். கருணாகரன் கை நீட்டுவதற்குள் நெடுஞ்செழியன் வாங்கிக்கொண்டு, கண்ணாடியை ஏற்றி, ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சத்தமாக வாசித்தார்.

“உங்களுக்கு எங்கள் கல்லூரியில் இடம் அளிப்பதில் மகிழ்ச்சி... முழுக் கட்டணச் சலுகையுடன்... ஆகா! வாழ்த்துகள்மா!”

“கீழ படிங்க சார்” என்றாள் ஜான்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கீழே தலைமைப் பேராசிரியர் தாமே எழுதிய குறிப்பு இருந்தது. நெடுஞ்செழியனின் குரல் வரவர மெதுவாயிற்று.

“விதி மீறப்பட்டதால் நேர்காணலை ரத்து செய்ய நினைத்தோம். கட்டிலுக்கு அடியில் இருந்தவர் நீங்களே ஏற்பாடு செய்த நடிகராக இருக்கலாம் என்று எங்களில் ஒருவர் சந்தேகப்பட்டார். பதிவை மறுபடி ஓடவிட்டு அந்தப் பூனைக் குரலைக் கேட்டதும், திட்டம் போடுகிற யாரும் இவ்வளவு மோசமான ஆளைப் பிடித்திருக்க மாட்டார்கள் என்று அவரே ஒப்புக்கொண்டார். பிறகு அந்த மனிதரின் கடிதமும் வந்தது. அவருடைய கால் நலமா? அவருடைய இரண்டு... எலுமிச்சம்பழங்களும்... ராகுவிடம்...”

நெடுஞ்செழியன் நிமிர்ந்தார். பகுத்தறிவுப் பெஞ்சின் மறுமுனையில் கருணாகரன் அரச மரத்தில் இலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“எலுமிச்சம்பழமாய்யா?”

“ரெண்டு” என்றார் கருணாகரன்.

எஸ்தர் அழுதுகொண்டே சிரித்தார். “பெரிய படிப்பு படிச்ச மனுசன், பூன மாரி கத்த ஒழுங்கா தெரிலியே சார் உனக்கு! அந்த ஊர்க்காரனே கண்டுக்கினான் பாரு. இனிமே வஞ்சிரம் உனக்கு டபுள் ரேட்டு, சொல்ட்டேன்.”

கருணாகரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த ரேட்டு அநியாயம் என்று அங்கேயே சண்டையை ஆரம்பித்தார்.

நெடுஞ்செழியன் அந்தக் குறிப்பை மறுபடி முதலிலிருந்து படித்தார். போனை ஜான்சியிடம் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்:

“இன்டர்வியூங்கறது மோசடிதான், அதுல நான் மாறப்போறதில்ல. ஆனா தன் மானம் போற மாதிரி ஒரு கதைய இந்த ஆளு கட்டவே மாட்டான். நடந்துதான்யா இருக்கு.”